உளி படாத பாகம்: உலோகத் தூளில் தொடங்கி கடைசித் துளை வரை

இருபது ஆண்டுகளாக வயர்கட் இயந்திரத்தின் (மின்பொறி பாயும் கம்பியால் உலோகத்தை அறுப்பது) முன்னால் நிற்கிறேன். டை, பஞ்ச், பல்சக்கரம் என்றுதான் வேலை வந்துகொண்டிருந்தது. கடந்த சில ஆண்டுகளாக இன்னொரு வகை வேலையும் வருகிறது. கனத்த இரும்புத் தட்டின் மேல், வயலில் முளைத்த நாற்றுபோல, உலோகத் தூளை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரில் உருக்கி அச்சிட்ட பாகங்கள் ஒட்டிக்கொண்டு வந்து சேரும். "தட்டிலிருந்து அறுத்துக் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் முடிந்துவிட்டது" என்பார்கள். அறுக்கத் தொடங்கிய பிறகுதான் எதுவுமே முடியவில்லை என்று தெரியும்.

சுவாமிமலையில் மெழுகு வடிவத்தின்மேல் மண் பூசி, உலோகத்தை உருக்கி ஊற்றி எடுத்த சிலையைப் பார்த்திருப்பீர்கள். அச்சை உடைத்ததும் சாமி வந்துவிடுவதில்லை. அதன் பிறகு பல நாள் உளிவேலை இருக்கிறது. உலோக அச்சும் அப்படித்தான். அச்சு இயந்திரம் நிற்கும்போது பாதி வேலைகூட முடிந்திருக்காது. மீதியில் ஒவ்வொன்றையும் எந்த வரிசையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பாகம் பிழைக்கிறது, அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த வரிசையைப் பற்றியது.

முதலில், இந்த வழி தேவைதானா?

லேத்திலும் மில்லிங்கிலும் செய்ய முடிகிற பாகத்தை அச்சிடாதீர்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியும் பாதிப் பேர் கேட்பதில்லை. உலோகத் தூள் விலை அதிகம், இயந்திர நேரம் அதைவிட அதிகம், பிறகு உலைக்கும் சோதனைக்கும் தனிச் செலவு. அச்சுக்குப் போக வேண்டிய பாகத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. உள்ளே வளைந்து செல்லும் வழிகள் இருக்கும். பத்துப் பதினைந்து துண்டுகளை வெல்டிங்கில் சேர்த்துச் செய்கிற நிலை இருக்கும். பொருள் கட்டரைத் தின்னும் வகையாக இருக்கும். தேவைப்படும் எண்ணிக்கையும் குறைவாக இருக்கும்.

நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினை இஸ்ரோ லேசர் அச்சில் செய்து, 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 விநாடிகள் எரித்துப் பார்த்தது. பழைய முறையில் 14 துண்டுகளாக இருந்தது ஒரே துண்டானது, 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ உலோகம் செலவான இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமானதாக இருந்தது. அதே மாதம் 30ஆம் தேதி சென்னையின் அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டைச் சோதனையாகப் பறக்கவிட்டது. விமானத் துறையில் ஜெனரல் எலக்ட்ரிக் இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. லீப் எஞ்சினின் எரிபொருள் முனையில் ஏறக்குறைய 20 துண்டுகளை ஒன்றாக்கி, எடையில் கால் பங்கைக் குறைத்தார்கள்.

இவற்றில் எதுவும் "அச்சிட முடிகிறதே" என்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வெல்டிங்கும் வீணாகும் உலோகமும் தாங்க முடியாத செலவாக இருந்ததால் செய்யப்பட்டது.

நாம் செய்யப்போகும் பாகம்

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். உயர் வெப்ப உலைக்கான பர்னர் முனை. விட்டம் 60 மி.மீ., உயரம் 90 மி.மீ. நடுவில் வாயு செல்லும் துளை. சுவருக்குள்ளேயே 2 மி.மீ. அகலக் குளிர்விப்பு வழி ஒன்று சுருளாக ஏறுகிறது. முனையில் சாய்வாக எட்டுத் துளைகள், ஒவ்வொன்றும் 0.60 மி.மீ. விட்டம், 3 மி.மீ. ஆழம். பொருள் இன்கோனல் 718.

இந்த நிக்கல் கலவை 650 டிகிரி செல்சியஸ் வரை வலிமையை விடாமல் வைத்திருக்கும். வெட்ட வெட்ட மேற்பரப்பு கெட்டிப்படும், வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. அதனால் 0.6 மி.மீ. டிரில்லைச் சாய்வான முகத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அனுபவப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லேசருக்கும் மின்பொறிக்கும் கடினம் என்பது ஒரு பொருட்டே இல்லை.

நம் பாகத்தின் கன அளவு 62 கன செ.மீ. என்று வையுங்கள். அடர்த்தி கன செ.மீ.க்கு 8.19 கிராம், ஆக எடை ஏறத்தாழ 508 கிராம்.

படி 1: டிராயிங்கை அச்சுக்காகத் திருத்துங்கள்

வாடிக்கையாளர் தரும் டிராயிங் முடிந்த பாகத்தைக் காட்டும். அச்சிட வேண்டியது வேறு பாகம். இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பக்கத்தில் 3 மி.மீ. கூடுதல் உலோகம் சேருங்கள். அதில் ஏறத்தாழ 1 மி.மீ. தட்டோடு நின்றுவிடும், 0.35 மி.மீ.யை வயர் தின்னும், மீதி 1.6 மி.மீ. லேத்தில் முகம் எடுக்க உதவும். பாகம் தட்டையான அடியோடு நேராகத் தட்டில் உட்கார முடியும் என்றால் அடியில் மெல்லிய தாங்கிகள் (முட்டுக்கொடுக்கக் கூடவே அச்சிடும் கால்கள்) வேண்டாம். முழு உலோகமாக இருந்தால் வெப்பம் தட்டுக்குள் நன்றாக இறங்கும், இழுவிசையில் பிய்ந்து எழாது.

தாங்கி இல்லாமல் தொங்கும் முகங்களுக்குப் பொதுவான எல்லை 45 டிகிரி. அதைவிடப் படுத்தால் கீழ்ப்பக்கம் சொரசொரப்பாகித் தொங்கிப்போகும். உள்ளே இருக்கும் சுருள் வழி வெறும் 2 மி.மீ. என்பதால் வட்டமாகவே நிற்கும், ஆனாலும் மேற்கூரையைக் கண்ணீர்த்துளி வடிவில் கூராக்கிவிட்டால் உள்ளே கசடு குறைவு. பெரிய கிடைமட்ட வழிகளுக்கு இது கட்டாயம்.

அந்தச் சுருள் வழிக்கு இரண்டு வாயும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனை மூடிய வழியில் தூள் புகுந்தால் வெளியே வராது. வடிவமைப்பில் அது மூடிய வழியாகத்தான் இருக்க வேண்டுமென்றால், தற்காலிகமாக ஒரு துளை விட்டுப் பிறகு அடைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுச் சிறு துளைகளையும் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். 0.6 மி.மீ. துளையை அச்சிட்டால் ஒன்று அடைந்து வரும், அல்லது கோணலாக வரும். கடைசியில் மின்பொறியில் போட்டுக்கொள்ளலாம். கடைசியாக, பாகத்தின் வெளிப்பக்கத்தில் அளவுக்கு ஆதாரமாக ஒரு தட்டையான முகத்தையும் ஒரு சிறு பள்ளத்தையும் சேருங்கள். அச்சிலிருந்து வரும் உருண்டையான பாகத்தை லேத்திலும் ஈ.டி.எம். (மின்பொறி) இயந்திரத்திலும் ஒரே நிலையில் பிடிக்க இதுதான் கைப்பிடி. இதை மறந்தவர்கள் என் மேசையில் டயல் கேஜை வைத்துக்கொண்டு அரை நாள் தடவியிருக்கிறார்கள்.

படி 2: தட்டை நிரப்புங்கள்

250 மி.மீ. சதுரத் தட்டுள்ள, ஒரே லேசர் கொண்ட நடுத்தர இயந்திரம் என்று கொள்வோம். இன்கோனல் 718க்குப் பரவலாகப் பயன்படும் அமைப்பு: லேசர் 285 வாட், வேகம் விநாடிக்கு 960 மி.மீ., கோட்டுக்குக் கோடு 0.11 மி.மீ., அடுக்கின் தடிமன் 0.04 மி.மீ. வேகம், கோட்டு இடைவெளி, தடிமன் மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 4.2 கன மி.மீ., மணிக்கு சுமார் 15 கன செ.மீ. உலோகம் உருகுகிறது.

உயரம் 93 மி.மீ. என்றால் 2,325 அடுக்குகள். ஒவ்வொரு அடுக்குக்கும் புதிய தூள் பரப்ப 10 விநாடி என்றால் பரப்புவதற்கு மட்டுமே ஆறரை மணி நேரம். ஒரு பாகத்தையும் சோதனைக்கான மூன்று தண்டுகளையும் மட்டும் வைத்தால் மொத்தம் 13 மணி நேரம், அதில் பாதி நேரம் லேசர் சும்மா இருக்கும். நான்கு பாகம் வைத்தால் 27 மணி நேரம். பாகம் ஒன்றுக்கு ஏழு மணிக்கும் குறைவு. ஜாப் ஒர்க் கொடுக்கும்போது ஒரு பாகத்துக்கான விலையை மட்டும் கேட்காதீர்கள். தட்டு நிரம்ப எத்தனை போகும், அப்போது விலை என்ன என்று கேளுங்கள்.

சோதனைத் தண்டுகளை, 12 மி.மீ. விட்டத்தில், பாகத்தின் உயரத்துக்கே, தட்டின் வெவ்வேறு மூலைகளில் நிறுத்துங்கள். பாகத்தோடு பிறந்து, அதே உலைகளுக்குள் போய், கடைசியில் பாகத்துக்குப் பதிலாக இழுத்து அறுபடப் போகிறவை இவைதான்.

ஏற்றுவதற்கு முன் வெறும் தட்டை எடை போட்டு எழுதி வையுங்கள். பிறகு தேவைப்படும்.

படி 3: தூளும் அச்சும்

தூளின் துகள்கள் 15 முதல் 45 மைக்ரான் அளவில், உருண்டையாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கோலமாவு விரலிடுக்கில் எப்படி ஒழுகுகிறதோ அப்படி ஒழுக வேண்டும், கட்டிகட்டியாக விழுந்தால் அடுக்கு சீராகப் பரவாது. ஏற்கெனவே பயன்படுத்திய தூளை ஒவ்வொரு முறையும் சலித்து, எத்தனையாவது சுற்று என்று குறித்து வைப்பது நல்ல பட்டறையின் அடையாளம். "தூளின் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

அறைக்குள் ஆர்கான் நிரப்பி ஆக்சிஜனை 0.1 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே லேசர் எரியும். ஒவ்வோர் அடுக்கிலும் லேசர் கோடுகளின் திசையை 67 டிகிரி திருப்புவார்கள். அந்த எண்ணால் பல அடுக்குகளுக்கு ஒரே கோடு ஒரே திசையில் திரும்ப வராது, அழுத்தம் ஒரு பக்கமாகச் சேராது.

நீங்கள் அருகில் நிற்க நேர்ந்தால் முதல் இருபது அடுக்குகளைப் பாருங்கள். முதல் அடுக்கு தட்டில் பிடிக்காமல் போனால் அதன் மேல் எதுவும் நிற்காது. பிறகு காதைக் கொடுங்கள். தூள் பரப்பும் கத்தி போகும்போது "டிக், டிக்" என்று ஒரே இடத்தில் சத்தம் வந்தால், அந்த இடத்தில் பாகத்தின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு கத்தியில் இடிக்கிறது என்று பொருள்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நிக்கல் தூள் மூச்சில் போகக் கூடாது, தோலிலும் படக் கூடாது. கையுறையும் துகள் வடிகட்டும் முகமூடியும் இல்லாமல் யாரையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். டைட்டானியம், அலுமினியம் தூள்கள் தீப்பற்றக்கூடியவை. அதிலும் வடிகட்டியில் சேரும் கரும்புகைத் தூள் பொல்லாதது. எரியும் உலோகத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும். உலோகத் தீக்கென்று தனியாக விற்கும் அணைப்பானே அறையில் இருக்க வேண்டும்.

படி 4: தூளை முழுவதும் வெளியேற்றுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டவர்கள்தான் அதிகம். வெளியே இருக்கும் தூளை உறிஞ்சி எடுப்பது எளிது. உள்ளே சுருள் வழியில் இருக்கும் தூள், லேசரின் வெப்பத்தில் லேசாக ஒட்டி, நனைந்த மணல்போல நிற்கும். பாகத்தை இப்படியே உலையில் வைத்தால் 1,000 டிகிரிக்கு மேலே அந்தத் தூள் இறுகிக் கல்லாகிவிடும். பிறகு அதை எடுக்க எந்த மருந்தும் இல்லை.

தட்டோடு சேர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து, ரப்பர் சுத்தியால் தட்டின் பக்கவாட்டில் தட்டுங்கள். பாகத்தைத் தட்டாதீர்கள். அதிர்வு மேசை இருந்தால் நல்லது. ஒரு பக்கம் ஆர்கான் ஊதி, திருப்பிப்போட்டு மறுபக்கம் ஊதுங்கள். கால் மணிக்கு ஒரு முறை தட்டை எடை போடுங்கள். 30 கிலோ வரை தாங்கி ஒரு கிராம் காட்டும் தராசு போதும். எண் இறங்கிக்கொண்டே வரும். மூன்று முறை தொடர்ந்து அசையாமல் நின்றால்தான் நிறுத்தலாம். வெறும் தட்டின் எடையைக் கழித்து, கணக்குப்படி வர வேண்டிய எடையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் பெரிய அடைப்பு இல்லை.

அதுவும் முழு உறுதி தராது. எனவே நான்கு பாகத்திலும் ஒரே அழுத்தத்தில் காற்றுவிட்டு, எவ்வளவு செல்கிறது என்று ஓட்டமானியில் பாருங்கள். மூன்று ஒரே அளவு காட்டி, நான்காவது குறைவாகக் காட்டினால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. கடைசியாக ஒரு நைலான் மீன்பிடி நரம்பை ஒரு வாயில் நுழைத்து மறு வாயில் எடுங்கள். இந்த நரம்பு வைத்தியத்தை யாரும் கையேட்டில் எழுதுவதில்லை, ஆனால் என் அறிவுக்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது.

படி 5: தட்டோடு உலைக்கு

லேசர் உருக்கிய ஒவ்வொரு புள்ளியும் கண்ணிமைப்பதற்குள் உறைகிறது. உறையும்போது சுருங்கப் பார்க்கும், கீழே உறைந்துவிட்ட உலோகம் விடாது. இப்படி இரண்டாயிரம் அடுக்கு இழுவை உள்ளே சேர்ந்திருக்கிறது. பாகத்தைத் தட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை 180 மி.மீ. நீளமுள்ள தட்டையான பாகம் ஒன்று என்னிடம் வந்தது. உலைக்குப் போனதா என்று கேட்டேன். "அறுத்த பிறகு போட்டுக்கொள்கிறோம்" என்றார் கொண்டுவந்தவர். அவர் பொருள், அவர் பொறுப்பு என்று நானும் ஏற்றினேன். இன்று அப்படிச் செய்ய மாட்டேன். வயர் முக்கால் தூரம் போனபோது அறுத்த வழி விரியத் தொடங்கியது. கடைசி இரண்டு மி.மீ.யில் "டங்" என்று ஒரு சத்தம், வயர் அறுந்தது. பாகத்தைச் சமதளக் கல்லில் வைத்துப் பார்த்தால் முனைக்கடியில் 1.2 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைந்தது. சுவரின் மொத்தத் தடிமனே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஆகவே முதலில் உலை, பிறகு அறுவை. இன்கோனல் 718க்கு வழக்கமான இழுவை நீக்கம் 1,065 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், ஆர்கானிலோ வெற்றிடத்திலோ. தட்டோடுதான் போக வேண்டும். சோதனைத் தண்டுகளும் கூடவே போகட்டும். தட்டு உலையில் கொஞ்சம் வளையலாம். அடுத்த அச்சுக்கு முன் அதைச் சாணை பிடித்துச் சமமாக்கிக்கொள்ளலாம்.

படி 6: வயர்கட்டில் பிரித்தல்

என் சொந்த ஊர் வந்துவிட்டது, கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் முறையை 1943இல் மாஸ்கோவில் லாசரென்கோ என்ற கணவன் மனைவி கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடியது நேர் எதிரான ஒன்று: சுவிட்சுகளின் தொடுமுனைகள் பொறியில் தேய்ந்துபோவதை எப்படித் தடுப்பது? தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தத் தேய்மானத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் நடத்த முடியும் என்று தெரிந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, இங்கே ஊர்வது பொறி.

வயர்கட்டில் 0.25 மி.மீ. பித்தளைக் கம்பி ஓடிக்கொண்டே இருக்கும். கம்பி பாகத்தைத் தொடாது. நடுவில் அயனி நீக்கிய தண்ணீர். ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியை உருக்கி எடுக்கும், தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். கம்பியும் தேயும், அதனால்தான் ஒருமுறை ஓடியதைத் திரும்பப் பயன்படுத்துவதில்லை. மாலிப்டினம் கம்பியை முன்னும் பின்னும் ஓட்டும் மலிவான இயந்திரங்கள் உண்டு. தட்டிலிருந்து பிரிக்க மட்டும் என்றால் அவையே போதும்.

ஜாப் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இசட் உயரம், அதாவது பாகம் நிற்கக் கிடைக்கும் உயரம், எவ்வளவு என்பது. கம்பி மேலிருந்து கீழாக ஓடுவதால் தட்டைச் செங்குத்தாக நிறுத்தித்தான் அறுக்க முடியும். 250 மி.மீ. தட்டு நிற்க இடமில்லாத இயந்திரங்கள் நிறைய. இடம் இருந்தாலும், கம்பியைப் பிடித்து நடத்தும் மேல் கைடும் கீழ் கைடும் ஒன்றுக்கொன்று 25 செ.மீ.க்கு மேல் விலகி நிற்கும், அறுபடுவதோ நடுவில் 60 மி.மீ. மட்டுமே. தண்ணீர் பாய்ச்சல் அங்கே போய்ச் சேராது. வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் கம்பி அறுந்துகொண்டே இருக்கும்.

உலையிலிருந்து வந்த தட்டில் கறுப்புப் படலம் இருக்கும். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பிடிக்கும் இடத்தையும் அறுவை தொடங்கும் இடத்தையும் எமரித் தாளால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். மிச்சத் தூள் எங்காவது இருந்தால் அறுக்கும்போது கொட்டி, கம்பிக்கும் பாகத்துக்கும் நடுவே பாலம் போட்டு இயந்திரத்தை நிறுத்தும். நான்காம் படியை ஒழுங்காகச் செய்யவில்லை என்பது இங்கேதான் அம்பலமாகும்.

அறுவை முடியும் தறுவாயில் பாகம் தொங்கும். கால் மில்லிமீட்டர் சரிந்தாலும் கம்பியைக் கடித்துவிடும். புதிதாக வரும் பையன்கள் உடனே காந்தத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். இன்கோனலில் காந்தம் ஒட்டாது. கடைசி 5 மி.மீ. மிச்சம் இருக்கும்போது இயந்திரத்தை நிறுத்தி, அறுத்த வழியில் 0.3 மி.மீ. ஷிம் தகட்டைச் செருகி, பாகத்தைத் தட்டோடு சேர்த்து கிளாம்ப் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

ஒரே ஓட்டம் போதும். பளபளப்புக்காக இரண்டாவது மூன்றாவது ஓட்டம் ஓட்டச் சொல்லிப் பணம் கொடுக்காதீர்கள். அந்த முகம் எப்படியும் லேத்தில் போகப்போகிறது. பொறியில் உருகி மீண்டும் உறைந்த மெல்லிய தோலும், கம்பியிலிருந்து ஒட்டிய செம்பும் துத்தநாகமும் அதோடு போய்விடும்.

படி 7: அழுத்த உலையும் கடினமாக்கலும்

உள்ளே நுண்ணிய ஓட்டைகள் இருந்தால் மூடுவதற்கு ஆர்கான் நிரப்பிய அழுத்த உலை: 1,120 முதல் 1,185 டிகிரி வரை, 100 மெகாபாஸ்கலுக்குக் குறையாத அழுத்தம், சுமார் நான்கு மணி நேரம். மேற்பரப்போடு தொடர்புள்ள விரிசலை இது மூடாது. பறக்கும் பாகத்துக்கு இதைத் தவிர்க்காதீர்கள். நம் பர்னர் முனைக்கு, ஸ்கேனில் ஓட்டை தெரியாவிட்டால், விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

பிறகு கலவையைச் சீராக்கும் கரைப்பு வெப்பமும், அதைக் கடினமாக்கும் முதிர்வும். முதிர்வுக்கு 718 டிகிரியில் எட்டு மணி நேரம், மெல்ல 621 டிகிரிக்கு இறக்கி, மொத்தம் 18 மணி நேரம். இப்போதுதான் உலோகம் தன் முழு வலிமைக்கு வருகிறது.

படி 8: லேத்

அடி முகம், திருகு மரை, சீல் உட்காரும் இடம். இவற்றை அச்சிலோ பொறியிலோ கொண்டுவரப் பார்ப்பது வீம்பு. முதல் படியில் விட்ட தட்டை முகத்தை வைத்துப் பிடித்து, கார்பைடு முனையில் குறைந்த வேகத்தில், நிறைய கூலன்ட் விட்டு முடியுங்கள்.

படி 9: எட்டுத் துளைகள்

துளைகளை ஏன் இவ்வளவு தள்ளிப்போட்டோம்? முதிர்வின்போது பாகம் ஒரு நூல் அளவாவது அசையும். மின்பொறிக்குக் கடினம் பொருட்டல்ல என்பதால், எல்லா அசைவும் நின்ற பிறகு போடுவதே நல்லது.

ஈ.டி.எம். டிரில்லில் சுழலும் மெல்லிய பித்தளைக் குழாய்தான் மின்வாய். அதன் நடுவழியாகத் தண்ணீர் உயர் அழுத்தத்தில் பாயும். 0.5 மி.மீ. குழாய், பக்கத்துக்கு 0.03 மி.மீ. பொறி இடைவெளி, ஆகத் துளை 0.56 மி.மீ. மிச்சம் 0.04 மி.மீ.யை வேண்டுமென்றே அடுத்த படிக்கு விடுகிறோம்.

குழாய் தேய்ந்துகொண்டே போகும். ஆகையால் திரையில் 3 மி.மீ. இறங்கியதாகக் காட்டினால் துளை 3 மி.மீ. ஆழம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு துளைக்கும் முன் குழாயின் நுனியைத் திரும்பத் தொட்டு அளவெடுக்க வேண்டும். துளை மறுபக்கம் திறக்கும்போது சத்தம் மாறும். சீரான "கிர்ர்" ஒலி உடைந்து படபடக்கும், மேலே பீறிட்ட தண்ணீர் சட்டென்று அடங்கி உட்பக்கம் ஒழுகத் தொடங்கும். அந்த நொடியில் நிறுத்தத் தவறினால் பொறி எதிர்ச்சுவரில் விழுந்து, வாயுத் துளையின் உட்புறத்தில் அம்மைத் தழும்பு விட்டுவிடும். நடுத்துளைக்குள் முன்கூட்டியே ஒரு செராமிக் தண்டைச் செருகி வைப்பது என் வழக்கம். மின்சாரம் கடத்தாத பொருளைப் பொறி அரிக்காது.

சாய்வான முகத்தில் குழாய் வழுக்கும். சொரசொரப்பான அச்சு முகத்தில் இன்னும் அதிகமாக வழுக்கும். முதல் அரை மி.மீ.யை மிக மெதுவாக, செராமிக் கைடை முகத்துக்கு ஒட்டி வைத்து இறக்குங்கள்.

படி 10: மின்வேதி முறையில் தோலுரித்தல்

மின்பொறி விட்டுப்போன உருகி உறைந்த தோல், துளையின் சுவரில் இப்போதும் இருக்கிறது. நுண்விரிசல்கள் அதில்தான் ஒளிந்திருக்கும். நாள்தோறும் சூடாகி ஆறும் பர்னரில் அங்கிருந்துதான் விரிசல் வளரும். வேலை குறைவான உலைக்கு இந்தப் படி வேண்டாம் என்று வாதிடலாம். நான் சேர்க்கச் சொல்வேன்.

மின்முலாம் பூசுவதைத் திருப்பிப்போட்டால் மின்வேதி அரிப்பு. பாகம் நேர்மின்வாய், கருவி எதிர்மின்வாய், நடுவே உப்புக் கரைசல் வேகமாக ஓடும். உலோகம் அணு அணுவாகக் கரையும். வெப்பமில்லை, தோலில்லை, பிசிறில்லை, கருவியும் தேயாது. எவ்வளவு கரையும் என்பதை ஃபாரடே விதி சொல்லிவிடும்: நிக்கலுக்கு 1,000 ஆம்பியர் ஒரு நிமிடம் ஓடினால் சுமார் 2 கன செ.மீ.

நம் கணக்கு சிறியது. எட்டுத் துளைகளின் சுவரிலிருந்து 0.02 மி.மீ. தோல் என்றால் மொத்தம் 0.9 கன மி.மீ. 5 ஆம்பியரில் ஐந்தாறு விநாடி. நடைமுறையில் மின்சாரம் முழுவதும் உலோகத்தைக் கரைக்கப் போகாது, ஆகவே ஒரு சோதனைத் துண்டில் போட்டுப் பார்த்து நேரத்தை நிலைப்படுத்துங்கள். சமையல் உப்பை விட சோடியம் நைட்ரேட் கரைசல் நல்லது. மின்னோட்டம் குறைவாக உள்ள இடங்களில் அது அரிப்பதைக் குறைத்துக்கொள்ளும், பக்கத்து முகங்கள் தப்பிக்கும். ஒவ்வொரு துளையின் நடுவிலும், கருவியாகிய 0.3 மி.மீ. கம்பியைச் சுவரில் தொடாமல் நிறுத்தும் ஃபிக்சர் வேண்டும். அந்த ஃபிக்சர்தான் செலவு. கரைசல் ஓட்டம் எங்கேனும் தடைபட்டால் கம்பி பட்டென்று சுவரில் பொறி விட்டு, நீக்க வந்த குறையையே திரும்ப உண்டாக்கும்.

சேறாகத் தங்கும் பச்சைக் கசடில் நிக்கலும் குரோமியமும் இருக்கின்றன. குரோமியத்தின் ஒரு பகுதி நச்சு வடிவில் இருக்கலாம். அதைச் சாக்கடையில் விடுகிற பட்டறையிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேலை கொடுக்காதீர்கள். நொய்யலைப் பார்த்தவர்கள் நாம்.

உள்ளே இருக்கும் சுருள் வழி அச்சிட்டபடியே சொரசொரப்பாக இருக்கும். தண்ணீர் ஓட்டத்துக்கு அது போதவில்லை என்றால், சிலிக்கான் கார்பைடு கலந்த பிசின் களியை அழுத்தத்தில் முன்னும் பின்னும் தள்ளித் தேய்க்கும் முறை உண்டு. ஓட்டமானியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 11: சோதனை

சாயம் ஊடுருவும் சோதனையில் மேற்பரப்பு விரிசல் தெரியும். அச்சிட்டபடி விட்ட சொரசொரப்பான முகங்களில் எல்லா இடத்திலும் சாயம் தங்கி ஏமாற்றும், எனவே முடிக்கப்பட்ட முகங்களை மட்டும் நம்புங்கள். உள்வழிக்கு சி.டி. ஸ்கேன். நிக்கல் கலவை எக்ஸ் கதிரை நிறைய விழுங்கும் என்பதால் தடித்த பகுதிகளில் படம் மங்கலாக வரும். எவ்வளவு சிறிய குறை வரை தெரியும் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு நான்காம் படியில் செய்த அதே ஓட்டச் சோதனை, இம்முறை எட்டுத் துளைகளுக்கும்.

சோதனைத் தண்டுகளைக் கடைந்து இழுத்துப் பாருங்கள். அடித்து உருவாக்கி முதிர்த்த 718க்கு விமானத் துறைத் தரம் கேட்பது 1,275 மெகாபாஸ்கல் உடைவு வலிமையும் 1,034 மெகாபாஸ்கல் தளர்வு வலிமையும் (நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை). நிமிர்ந்து நின்ற தண்டு அந்த எண்ணை நெருங்கினால் உலைக்காரர் வேலையைச் செய்திருக்கிறார். மிகக் குறைவாக வந்தால் முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். உருகாத உருண்டைத் தூள் அப்படியே உட்கார்ந்திருந்தால் குறை அச்சில். முகம் சுத்தமாக இருந்தால் உலையின் வெப்பப் பதிவுத் தாளைக் கேளுங்கள்.

மூன்று தண்டுகளில் இரண்டை மட்டும் உடையுங்கள். மூன்றாவதில் தட்டின் எண்ணையும் தூளின் சுற்று எண்ணையும் பொறித்து அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முனை உலையில் விரிசல் விட்டது என்று தொலைபேசி வரும்போது, அச்சுக்காரர் உலைக்காரரைக் காட்டுவார், உலைக்காரர் வயர்கட்காரரைக் காட்டுவார். அப்போது கையில் எடுத்துக் காட்ட ஒன்று வேண்டும்.